வீசென்டர் 7-லிருந்து 8-க்கு: நிறுவியை நம்பலாம், பழைய சர்வர்தான் காலை வாரும்

விஎம்வேர் மெய்நிகர் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வீசென்டர் மென்பொருளின் 7.0 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்தது. 9.0 வந்துவிட்டதே, நேராக அதற்கே போய்விடலாமா என்றால் வழியில்லை. 7-லிருந்து 8-க்கு ஏறித்தான் 9-க்குப் போகமுடியும். 8-க்கு 2027 அக்டோபர் 11 வரை ஆதரவு இருக்கிறது. ஆகவே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையோ கோலாலம்பூர் அலுவலகமோ, 7-இல் நிற்கும் யாரும் 8.0-இன் நிறுவியைச் சந்தித்தே ஆகவேண்டும். அந்த நிறுவி எப்படி வேலை செய்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது என்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: நிறுவி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது. பழைய சர்வரை அது திருத்துவதில்லை. முதல் கட்டத்தில் புதிய வீஎம் (மெய்நிகர் கணினி) ஒன்றைப் பக்கத்தில் எழுப்புகிறது; இரண்டாம் கட்டத்தில் தரவை நகலெடுத்து, பழையதை அணைத்துவிட்டு, அதே பெயரையும் அதே ஐபியையும் புதியதுக்குக் கொடுக்கிறது. பழையது அழிக்கப்படுவதில்லை, அணைந்தபடியே கிடக்கும். இந்த ஒரு அமைப்புக்காகவே இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம். தோற்றுப்போகும் மேம்படுத்தல்களில் பெரும்பாலும் குற்றவாளி, பல வருடங்களாக யாரும் எட்டிப்பார்க்காத பழைய சர்வரின் சான்றிதழும், பெயரையும் ஐபியையும் இணைக்கும் டிஎன்எஸ்ஸும்தான்.

இருபத்து நான்கு மணி நேரமும் உற்பத்தி ஓடும் இடங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, லைன் நிற்குமா என்பது. நிற்காது. வீசென்டர் இல்லாத நேரத்திலும் வீஎம்கள் ஓடும். விழுந்த வீஎம்களை மறுபடி எழுப்பும் ஹெச்ஏ-வும், வீஎம்களைத் தாங்கும் ஹோஸ்ட் சர்வர்களுக்குள்ளேயே இயங்குவதால் ஒரு ஹோஸ்ட் விழுந்தால் வீஎம்கள் வேறிடத்தில் எழும். அந்த நேரத்தில் கிடைக்காதவை வீமோஷன் (ஓடும் வீஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது), டிஆர்எஸ் (சுமையைப் பார்த்துத் தானாக நகர்த்துவது), புதிய வீஎம் உருவாக்கம், வீசென்டர் வழியாகப் போகும் பேக்கப் வேலைகள். எனவே பேக்கப் அட்டவணையை நிறுத்திவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். பேக்கப் மென்பொருளின் பதிப்பு 8-ஐ ஏற்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பார்க்கவேண்டும். ஏற்காவிட்டால் அதை மேம்படுத்துவதுதான் முதல் வேலை.

இனி பழைய சர்வர். இங்கே செலவழிக்கும் ஒரு பகல், இரவு வேலையைக் காப்பாற்றும்.

லாகின் டோக்கன்களுக்குக் கையொப்பமிடும் எஸ்டிஎஸ் சான்றிதழின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். 6.5 அப்டேட் 2 காலத்தில் நிறுவப்பட்டு அப்படியே மேலே ஏற்றப்பட்ட சர்வர்களில் இது இரண்டே ஆண்டு ஆயுளோடு இருக்கக்கூடும். அது காலாவதியானால் நிறுவி மட்டுமல்ல, சாதாரண லாகினே நின்றுபோகும். அடுத்தது எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய முறையில் கையொப்பமிட்ட சான்றிதழ்கள். நம்பகப் பட்டியலில் எப்போதோ சேர்த்து மறந்த பழைய ஏடி (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரி) மூலச் சான்றிதழ் ஒன்று கிடந்தாலும் 8-இன் முன்சோதனை அங்கேயே நிறுத்திவிடும். இதைக் குறையாகச் சொல்லமாட்டேன். பாதியில் உடைவதைவிட வாசலிலேயே தடுப்பது நல்லது.

ரூட் கடவுச்சொல் இயல்பாகவே 90 நாளில் காலாவதியாகும். நிர்வாகப் பயனரில் மட்டுமே நுழைந்து பழகிய இடங்களில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. 5480 போர்ட்டிலுள்ள நிர்வாகப் பக்கத்தில் புதுப்பித்து, அங்கேயே, தொலைவிலிருந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்ஹெச்-ஐத் திறந்துவைக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து ஐபி, ஐபியிலிருந்து பெயர் இரண்டும் சரியாகப் பதில் தரவேண்டும். ஏடி சர்வரை மாற்றும்போது தலைகீழ்ப் பதிவை விட்டுவிடுவது சர்வ சாதாரணம். நேரமும் அப்படித்தான்: இணையம் அடைத்த தொழிற்சாலை வலையில் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி எங்கோ எட்டாத முகவரியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் ஏடி அங்கீகாரம் மறுக்கும். பழையது, புதியது, ஹோஸ்ட்கள் எல்லாம் ஒரே என்டிபி-யைப் பார்க்கட்டும்.

நிறுவி வரும் ஐஎஸ்ஓ வட்டுக்கோப்பில் கட்டளை வரி நிறுவியும் இருக்கிறது. அதில் மேம்படுத்தாமல் முன்சோதனையை மட்டும் ஓட்டும் வசதி உண்டு. அமைப்பு விவரங்களை எழுதும் ஜேசான் கோப்பு ஒன்றை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். பலர் இதைத் தொடுவதே இல்லை. இந்த நிறுவியில் மிகப் பயனுள்ள பகுதி இதுதான் என்பேன்.

முதல் கட்டத்தில் கவனம் வேண்டிய இடம், நிறுவியை எங்கிருந்து ஓட்டுகிறீர்கள் என்பது. சர்வர்கள் சைபர்ஜெயா தரவு மையத்தில் இருக்க, பினாங்கு அலுவலக மடிக்கணினியிலிருந்து விபிஎன் வழியே ஓட்டினால் பல ஜிபி அளவுள்ள கோப்பு அந்தக் கம்பி வழியாகத்தான் போகவேண்டும். விபிஎன் ஒருமுறை அறுந்தால் முதலிலிருந்து. தரவு மையத்துக்குள்ளேயே ஒரு விண்டோஸ் வீஎம்மில் ஐஎஸ்ஓ-வை ஏற்றி அங்கிருந்து ஓட்டுங்கள்.

அளவும் கூடியிருக்கிறது. 10 ஹோஸ்ட், 100 வீஎம் வரைக்குமான டைனி அளவு 7-இல் 12 ஜிபி நினைவகமும் 415 ஜிபி வட்டும் கேட்டது; 8-இல் 14 ஜிபி, 579 ஜிபி. ஸ்மால் என்றால் 21 ஜிபி, 694 ஜிபி. தேவைக்கேற்ப வளரும் தின் வட்டு தேர்ந்தெடுத்தால் உடனே அத்தனையும் போகாது. நிகழ்வுப் பதிவுகள் ஊதிப்போன சர்வருக்குச் சிறிய அளவுகளே பட்டியலில் வராது. பழைய பணி, நிகழ்வுப் பதிவுகளின் காலவரம்பை முன்கூட்டியே குறைத்துவிட்டால் இரண்டாம் கட்டமும் சீக்கிரம் முடியும். தரவு கொண்டுவரும் இடத்தில் மூன்று தேர்வுகள் வரும். தணிக்கைக்கு வரலாறு தேவையில்லை என்றால் அமைப்பும் இன்வென்டரியும் மட்டும் போதும்.

புதிய வீஎம்முக்குத் தற்காலிக ஐபி ஒன்று வேண்டும். வலைக்குழுவிடம் முன்னமே வாங்கிவையுங்கள். ஹோஸ்டை நேரடியாகக் காட்டி நிறுவினால், பல ஹோஸ்ட்களுக்குப் பொதுவான விநியோக ஸ்விட்சில் எஃபிமெரல் (வீசென்டர் இல்லாமலும் இணைய முடிகிற) வகை அல்லாத போர்ட் குழுக்கள் பட்டியலிலேயே தெரியாது. எஃபிமெரல் குழு ஒன்றை முன்பே உருவாக்கிவைப்பது நல்லது. டிஆர்எஸ்-ஐ மேனுவலுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய சர்வர் நடுவில் வேறு ஹோஸ்டுக்கு நகர்ந்துவிடும். முதல் கட்டம் முடிந்ததும் புதிய வீஎம்முக்கு ஒரு ஸ்னாப்ஷாட். இரண்டாம் கட்டம் தோற்றால் அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம்.

எல்லாம் முடிந்து பச்சை வந்தபிறகு ஒரு விசித்திரம் நடக்கும்: அதே விலானில் (வலைப் பிரிவில்) இருப்பவர்களுக்குப் பக்கம் திறக்கும், மற்றவர்களுக்குத் திறக்காது. புதிய வீஎம்முக்கு மேக் (நெட்வொர்க் கார்டு) முகவரி வேறு. ஃபயர்வால் இன்னும் எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பழைய ஏஆர்பி பதிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதிவைத் துடைத்தால் சரியாகிவிடும். இது நிறுவியின் கோளாறு என்று நினைத்துப் பலர் அவசரப்பட்டுப் பின்வாங்கிவிடுகிறார்கள்.

இத்தனை பாடு எதற்கு, புதிதாக ஒரு வீசென்டர் போட்டு ஹோஸ்ட்களை அதில் இணைத்துவிடலாமே என்று சொல்வோரும் உண்டு. நான்கைந்து வீஎம் என்றால் செய்யலாம். அதைத் தாண்டினால் வேண்டாம். கோப்புறைகள், அனுமதிகள், விநியோக ஸ்விட்ச் எல்லாவற்றையும் கையால் கட்டவேண்டும்; வீஎம்களின் உள் அடையாள எண்களும் மாறிவிடும். பேக்கப் மென்பொருள் அத்தனை வீஎம்மையும் புதிதென்று நினைத்து முழு பேக்கப்பை முதலிலிருந்து எடுக்கத் தொடங்கும். நிறுவி வழியாகப் போனால் அந்த எண்கள் அப்படியே இருக்கும்.

மதிப்பெண் குறைவது உரிமத்தில். 7-இன் உரிமச் சாவி 8-இல் செல்லாது. மேம்படுத்தி முடித்ததும் 60 நாள் மதிப்பீட்டுக் காலம் ஓடத் தொடங்கும். 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியபின் நிரந்தர உரிம விற்பனை நின்றுவிட்டது, எல்லாம் சந்தா. ஐஎஸ்ஓ இறக்கவே கணக்கில் செல்லுபடியாகும் உரிமை இருக்கவேண்டும். ரிங்கிட்டில் விலைக் கோரிக்கை, ஒப்புதல், கொள்முதல் ஆணை என்று உள்ளூர் நடைமுறை எவ்வளவு இழுக்கும் என்பது தெரிந்ததுதானே. சாவி கைக்கு வந்தபிறகு தேதி குறியுங்கள்.

ஹோஸ்ட்களை அதே இரவில் தொடவேண்டியதில்லை. 8-இன் வீசென்டர் 6.7, 7.0 ஈஎஸ்எக்ஸ்ஐ (ஹோஸ்டில் ஓடும் மென்பொருள்) இரண்டையும் நிர்வகிக்கும், 6.5-ஐ ஏற்காது. சாண்டி பிரிட்ஜ் (பழைய இன்டெல் செயலி) காலத்து சர்வர்களில் ஈஎஸ்எக்ஸ்ஐ 8 ஏறாது, அவை 7-லேயே நிற்கட்டும். பேக்கப் ஒரு முழுச் சுற்று சரியாக ஓடும்வரை விநியோக ஸ்விட்சின் பதிப்பையும் உயர்த்தாதீர்கள். பின்வாங்க வேண்டியிருந்தால் புதியதை அணைத்துப் பழையதை எழுப்பினால் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது. சில ஹோஸ்ட்கள் துண்டித்ததாகக் காட்டினால் மறுபடி இணையுங்கள். ஏடி-யில் சேர்ந்திருந்த சர்வர் என்றால் மறுபடி சேர்க்கவேண்டியும் வரலாம். பழைய வீஎம்மின் பெயரோடு ‘எழுப்பாதே’ என்று சேர்த்து, அதன் நெட்வொர்க் கார்டு இணைப்பையும் எடுத்துவிட்டு, பேக்கப் சுற்று முடியும்வரை வைத்திருங்கள்.