500 வாட் என்று ஒட்டிய பெட்டியால் 37,400 ரூபாய் போனது

இன்று மதியம் நான்காவது முறையாக அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இதை எழுதுகிறேன். வீடு போய்ச் சேர்ந்தால் அம்மா "விடு, போனது போகட்டும்" என்பாள். விட முடியாது.

தம்பிக்கு ஒரு கேமிங் கணினி வாங்கினோம். அம்மாவின் சீட்டுப் பணத்தோடு என் சேமிப்பையும் போட்டோம். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ரைசன் 5 5600 பிராசஸர். கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். மட்டும் நல்ல நிறுவனத்தின் 650 வாட் வேண்டும் என்று தாளில் குறித்து எடுத்துப் போயிருந்தேன். திருநெல்வேலியில் உதிரிபாகங்கள் விற்று, கணினியைப் பூட்டியும் தருகிற கடை அது.

கடைக்காரர் தாளைப் பார்த்தார். நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டார். "தம்பி, இதெல்லாம் பெயருக்குக் கொடுக்கிற காசு. இது 500 வாட், இதுவே போதும், 2,300 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன். எனக்கும் அம்பைப் பக்கம்தான் ஊர், உங்களிடம் பொய் சொல்வேனா?" என்றார். டீ வரவழைத்தார். "சரி அண்ணாச்சி, உங்களை நம்பித்தான் வாங்குகிறேன்" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கார்டுக்குப் போக வேண்டிய எட்டு பின் வயரே அந்தப் பெட்டியில் இல்லை. நான்கு பின் வயர்கள் இரண்டைச் சேர்க்கும் ஒரு அடாப்டரைத் தேடி எடுத்து மாட்டினார். பில் கேட்டேன். 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும் என்று சொல்லி, வெள்ளைத் தாளில் கணக்கு எழுதித் தந்தார்.

முதல் வாரமே விளையாட்டின் நடுவில் கணினி அணைந்து அணைந்து எழுந்தது. தொலைபேசியில் கேட்டால் "விண்டோஸ் கோளாறு". மறுபடி கேட்டால் "உங்கள் ஊர்க் கரண்ட் சரியில்லை". பத்தொன்பதாம் நாள் இரவு 'டப்' என்று ஒரு சத்தம், வீடெல்லாம் கருகல் நாற்றம். பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடாப்டரின் வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, மஞ்சள் வயரின் மேல் உருகி வழிந்து, கார்டோடு ஒட்டியிருந்தது. பிடுங்கினாலும் வரவில்லை. கார்டு 26,500, மதர்போர்டு 8,600, எஸ்.எம்.பி.எஸ். 2,300. ஆக 37,400 ரூபாய்.

எரிந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. பெருக்கினால் 192 வாட். கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் அந்த லைனில்தான் ஓடுகின்றன. கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும், பிராசஸர் 76 வரை போகும். மற்ற லைன்களையும் கூட்டிப் பார்த்தேன், 500 வரவே இல்லை. எங்கள் ஊர்க் கரண்ட் மேல் பழி போட்டாரே அந்த மனிதர்!

முதல் முறை போனபோது முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றான் கடைப் பையன். இரண்டாம் முறை, கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம் என்று கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை போனால், கார்டு மேசைக்கடியில் அதே பையில் கிடக்கிறது. திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். இன்று முதலாளியே இருந்தார். "எரிந்த அடையாளம் இருந்தால் வாரண்டி கிடையாது சார். பில் இருக்கிறதா?" என்றார். பில் தராதவரே பில் கேட்கிறார்! அன்றைக்குத் தம்பி, இன்றைக்கு சார். 37,400 ரூபாய் சார்.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். வீரவநல்லூர் வந்துவிட்டது, கையும் நடுங்குகிறது. பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ள வாட்டை நம்பாதீர்கள், 12 வோல்ட் லைனின் ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கள். 3060-க்கு என்விடியா நிறுவனமே 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது. எட்டு பின் வயர் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்தே வர வேண்டும். அடாப்டரை எடுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள்.

நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கப் போகிறேன். காட்டுவதற்கு என் கையில் இருப்பவை எரிந்த கார்டும், கடையின் பெயர்கூட இல்லாத அந்த வெள்ளைத் தாளும்தான்.