பீஸ் ரேட்டா, மதியத் தூக்கமா? ஊழியர் நலனுக்கான நான்கு வழிகள்: ஓர் ஒப்பீடு

நூறு தையல் இயந்திரங்கள் ஓடும் ஒரு பின்னலாடை நிறுவனமோ, இருநூறு பேர் கணினி முன் அமர்ந்து தரவு உள்ளிடும் ஓர் அலுவலகமோ, தன் ஊழியர்கள் ஊக்கத்தோடு வேலை செய்யவும் பாதியில் விட்டுப் போகாமல் இருக்கவும் ஒரு தொகையை ஒதுக்க நினைத்தால், அந்தப் பணம் பெரும்பாலும் நான்கு வழிகளில் ஒன்றில்தான் போகும். கூடுதல் உற்பத்திக்கும் விடுப்பெடுக்காத வருகைக்கும் ஊக்கத்தொகை தரலாம். ஓய்வுக்கும் வெப்பத்தைத் தணிப்பதற்கும் செலவிடலாம். ஊழியர்களின் குறைகளைக் கேட்க ஏற்பாடு செய்யலாம். யோகா வகுப்பு, பரிசோதனை முகாம் போன்ற நல்வாழ்வுத் திட்டங்களை நடத்தலாம். வருங்கால வைப்புநிதி, இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சம் 8.33 சதவீதப் போனஸ், மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் ஆகியவற்றை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை முதலாளி சட்டப்படி தீர்க்க வேண்டிய கடன், அந்தக் கடனைத் தீர்ப்பதை ஊக்குவிப்பு என்று கணக்கெழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வழியான ஊக்கத்தொகைக்கு உள்ள பலம் வெளிப்படையானது. திருப்பூரில் ஷிப்ட் சம்பளத்தைவிட, தைத்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி தரும் பீஸ் ரேட்டை விரும்பும் தையல்காரர்கள் பலர் உண்டு. கை வேகமானவருக்கு அந்த வேகம் வார இறுதியில் பணமாகக் கையில் வருகிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. ஆனால் தைக்க வேண்டிய மாடல் மாறும்போதும், துணி வந்து சேரத் தாமதமாகும்போதும், மின்சாரம் நிற்கும்போதும் இழப்பு அவர் தலையில்தான் விழுகிறது. வருகைப் போனஸின் அமைப்பில் இன்னொரு கோளாறு இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் விடுப்பெடுத்தாலும் முழுத் தொகையும் போய்விடும் என்ற விதி, காய்ச்சலோடு இருப்பவரையும் இயந்திரத்தின் முன் உட்காரவைக்கிறது. அந்த ஒரு நாள் தவறிப்போனவருக்கோ, மாதத்தின் மிச்ச நாட்களில் ஒழுங்காக வருவதற்கு அந்தப் போனஸால் எந்தக் காரணமும் இருப்பதில்லை.

பணத்தைப் பற்றிய நுட்பமான செய்திகள் ஒடிசாவில் நடந்த இரண்டு கள ஆய்வுகளிலிருந்து கிடைக்கின்றன. ஒன்றில், ஒரே வேலையைச் செய்யும் சிறு குழுக்களில் சிலருக்குக் கூடவும் சிலருக்குக் குறைவாகவும் கூலி தரப்பட்டபோது, குறைவாகப் பெற்றவர்களின் உற்பத்தி மட்டுமல்லாமல் வருகையும் சரிந்தது. தினக்கூலியை இழந்தாவது வராமல் இருந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இடங்களில் அதே வேறுபாடு அந்த அளவுக்குப் புண்படுத்தவில்லை. ஆகவே, மேற்பார்வையாளர் தம் விருப்பப்படி ‘நல்ல உழைப்பாளி’ என்று தேர்ந்தெடுத்துக் கவர் கொடுப்பதைவிட, சுவரில் எழுதிப்போட்ட பீஸ் ரேட் நேர்மையானது. மற்றோர் ஆய்வில், இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியின் ஒரு பங்கை மட்டும் சில நாட்கள் முன்னதாகக் கொடுத்தார்கள். மொத்தத் தொகை கூடவில்லை, ஆனால் கடன் நெருக்கடி மனத்திலிருந்து இறங்கியதால் வேலை வேகமானது, பிழைகளும் குறைந்தன. சம்பளத்தைச் சொன்ன தேதிக்குக் கொடுப்பதே ஓர் ஊக்குவிப்புத்தான் என்பதற்கு இதைவிட மலிவான சான்று கிடைக்காது.

இரண்டாவது வழியான ஓய்வைப் பற்றி நம்மிடம் உள்ள மிகச் சிறந்த ஆய்வு சென்னையிலேயே நடந்தது, 2021-இல் வெளியானது. குறைந்த வருமானமுள்ள 452 பேரைத் தரவு உள்ளிடும் வேலையில் அமர்த்தி, மணிக்கட்டில் கட்டிய கருவியால் அவர்களின் தூக்கத்தை அளந்தபோது, இரவில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உறங்கியது ஐந்தரை மணி நேரம்தான் என்று தெரிந்தது. புழுக்கம், கொசு, தெருச் சத்தம் ஆகியவற்றுக்கு நடுவே அந்த உறக்கமும் துண்டுதுண்டாக இருந்தது. அவர்களில் சிலருக்கு வீட்டில் நன்றாக உறங்குவதற்கான பொருட்களும் அறிவுரையும் கொடுத்தார்கள். சிலருக்கு வேலையிடத்திலேயே மதியம் அரைமணி நேரம் படுத்துறங்க இடம் கொடுத்தார்கள். முதல் வகையினர் இரவில் சராசரியாக 27 நிமிடம் கூடுதலாக உறங்கினார்கள், ஆனால் அவர்களின் உற்பத்தியிலோ மனநிலையிலோ கண்டறியத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. மதியத் தூக்கமோ உற்பத்தித் திறனையும் கவனத்தையும் மன நலத்தையும் உயர்த்தியது. சாப்பாட்டுக்குப் பின் மேசையில் தலை சாய்ப்பவரை அதட்டி எழுப்பும் மேலாளர்கள் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

ஆனால் இதே ஆய்வு முதலாளிக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்கிறது. உறங்கியவர்களைச் சும்மா இடைவேளை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் உறங்கியவர்களின் வருமானம் கூடியது. அந்த அரைமணி நேரமும் நிற்காமல் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் குறைந்தது. மணிக்கணக்கில் திறன் உயர்ந்தாலும், இழந்த நேரத்தை அது முழுவதுமாக ஈடுகட்டவில்லை. இந்த ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. எண்ணிக்கைக்குக் கூலி தரும் முறையில் ஓய்வுக்கான விலையைத் தொழிலாளியே கட்டுகிறார். அதனால் ஓய்வறையைக் கட்டிவைத்துவிட்டுப் பீஸ் ரேட்டை அப்படியே விட்டால் அறை காலியாகத்தான் கிடக்கும், பிறகு ‘கொடுத்தாலும் பயன்படுத்த மாட்டார்கள்’ என்ற பேச்சு வரும். தண்ணீர் குடிக்க எழுவதும் கழிப்பறைக்குப் போவதும்கூட இந்தக் கணக்கில் அடங்கும். முதல் இரு வழிகளையும் தனித்தனிப் பெட்டிகளாக நினைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒன்று மற்றொன்றைத் தின்னும்.

வெப்பத்தைத் தணிப்பதில் அந்தச் சிக்கல் இல்லை. பெங்களூரு வட்டார ஆடைத் தொழிற்சாலைகளில் மின் சிக்கனத்துக்காகப் பழைய குழல் விளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தியபோது, அவை வெளியிடும் வெப்பம் குறைவு என்பதால், வெயில் நாட்களில் தையல் உற்பத்தியில் ஏற்படும் சரிவின் பெரும்பகுதி மறைந்துபோனது. மின்கட்டணத்தை மட்டும் கணக்கிட்டவர்களுக்குத் தெரியாத லாபம் இது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு: இந்தியத் தொழிற்சாலைகளைப் பற்றிய மற்றோர் ஆய்வு, குளிர்விக்கும் வசதி உள்ளே இருப்பவரின் உற்பத்தியைக் காத்தாலும், வெயில் காலத்தில் கூடும் விடுப்புகளை அது குறைக்கவில்லை என்று காட்டியது. தொழிலாளி திரும்பிப் போவது தகரக் கூரை வீட்டுக்கு என்றால் அதில் வியப்பில்லை. கடைகளில் நாள் முழுதும் நிற்கும் விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தியதையும் இந்த வகையில்தான் வைக்க வேண்டும். ஒரு நாற்காலியின் விலைக்கு இவ்வளவு பயன் தரும் ஊக்கத்தொகை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி மலிவானது, ஆனால் துணிவு வேண்டும். கர்நாடகத்தில் 2016-இல் எதிர்பார்த்ததைவிடக் குறைவான ஊதிய உயர்வு கிடைத்து ஆடைத் தொழிலாளர்கள் ஏமாந்திருந்த நேரத்தில், அவர்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிலரிடம் சம்பளம், வேலைச் சூழல், மேற்பார்வையாளர் பற்றிய கருத்துகளைக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. இதைச் சம்பளத்துக்கு மாற்றாகக் கொள்ள ஆசைப்படும் நிர்வாகங்கள் இருக்கும். ஒருமுறை கேட்டதற்கு ஒருமுறைதான் பலன் இருக்கும். மூன்றாம் முறையும் எதுவும் மாறவில்லை என்றால் புகார்ப் பெட்டியில் தூசிதான் சேரும்.

நான்காவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ஊழியர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், நல்வாழ்வுத் திட்டத்தால் மருத்துவச் செலவும் குறையவில்லை, விடுப்பும் குறையவில்லை. அதில் ஆர்வமாகச் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஆரோக்கியமாக இருந்தவர்களே.

ஆகவே, சிறு நிறுவனம் ஒன்று என்னிடம் வரிசை கேட்டால், சம்பளத் தேதியையும் எழுதிப்போட்ட கூலி விகிதத்தையும் முதலில் வைப்பேன். அடுத்து விளக்கு, மின்விசிறி, இருக்கை. அதன் பிறகே ஊக்கத்தொகை. மென்பொருள் அலுவலகத்தில் குளிர்சாதனமும் நாற்காலியும் ஏற்கெனவே இருப்பதால், அங்கே குறை கேட்கும் ஏற்பாடு மேலே வரும். மதிய ஓய்வைத் தொடங்கும் பீஸ் ரேட் நிறுவனம், அந்த அரைமணிக்குரிய தொகையை அந்தந்தத் தொழிலாளியின் முந்தைய மாதச் சராசரி மணிக் கூலியிலிருந்து கணக்கிட்டுச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். அதைச் சேர்க்காமல் மணியடித்து இயந்திரங்களை நிறுத்தினால், தொழிலாளிகளே முதலில் எதிர்ப்பார்கள்.