ஏ.டி.வி. எஞ்சின் சூடேறுகிறதா? கூலன்ட் பிரஷர் டெஸ்டர் பற்றி ஒரு மதிப்புரை

மலைத்தோட்டத்தில் உர மூட்டைகளோடு டிரெய்லரை இழுத்துக்கொண்டு மெதுவாக மேடேறும் ஏ.டி.வி.யில் (கரடுமுரடான பாதைகளில் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி) எஞ்சின் முழு மூச்சாக உழைக்கும். ஆனால் வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது, மின்விசிறி ஒன்றுதான் துணை. எங்கள் வண்டியில் வெப்ப எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிந்தபோது தெர்மோஸ்டாட்டையும் (சூட்டுக்கேற்பத் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) விசிறியையும் மாற்றிப் பார்த்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டேதான் இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. அதன்பிறகே, கூலன்ட் ஓடும் பாதைக்குள் காற்றழுத்தம் கொடுத்துக் கசிவைக் காட்டும் இந்த பிரஷர் டெஸ்டரை வாங்கினோம்.

கைப்பம்பு, அழுத்தமானி, குழாய், விதவிதமான அடாப்டர்கள், இவ்வளவுதான் பெட்டியில் இருப்பவை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் அடாப்டரைப் பொருத்தி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் காற்றடிக்க வேண்டும். அதை மீறினால் ரேடியேட்டரே விரிசல் விடக்கூடும். எங்கள் வண்டியில் முள் சிறிது நேரம் அசையாமல் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. டார்ச் அடித்துத் தேடியதில், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு கசிவுத் துளையில் பச்சை நிறத்தில் ஒரு துளி திரண்டு நிற்பதைக் கண்டோம். உள்ளே சீல் தேய்ந்திருந்தது. ஓடும்போது வெளியேறிய கூலன்ட் எஞ்சின் சூட்டிலேயே உலர்ந்துபோனதால், வெறும் கண்ணுக்கு அது அகப்படவே இல்லை.

மூடியையும் இதே பம்பில் பொருத்திச் சோதிக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) கூடினால் கூலன்ட்டின் கொதிநிலை ஏறத்தாழ 1.6 டிகிரி செல்சியஸ் உயரும். தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற திரவமும் சரிபாதியாகக் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும், 13 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காக வேலை செய்தால் அது 125 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். விலை குறைந்த பாகம் என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

வெளியே எங்கும் கசிவில்லாமல் முள் மட்டும் இறங்கினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டருக்குள் கூலன்ட் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம்.

குறைகளும் உண்டு. அடாப்டர்களில் பெரும்பாலானவை கார்களுக்கானவை; ஏ.டி.வி. ரேடியேட்டரின் கழுத்து சிறியது என்பதால் பொருத்தமான அளவைத் தனியாக வாங்க நேர்ந்தது. அழுத்தமானியின் அளவுகோல் தேவைக்கு மேல் நீண்டிருப்பதால் முள்ளின் சிறு இறக்கத்தைக் கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. சேற்றால் அடைபட்ட ரேடியேட்டரையோ, சுழலாத விசிறியையோ, திறக்காத தெர்மோஸ்டாட்டையோ இது காட்டாது. ஆகவே முதலில் ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போகும் வழி அடைந்துவிடும்.

வாங்குமுன் உங்கள் வண்டி மூடியின் விட்டத்தை அளந்து, அந்த அளவு அடாப்டர் பெட்டியில் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.