ஓவியர் சங்கத்தின் கண்காட்சிப் பதிவுகளை மின்படிவமாக்கிய சேவை: ஒரு மதிப்பீடு

எங்கள் ஓவியர் சங்கத்தின் அலமாரியில் கிடந்த பழைய கண்காட்சிப் பட்டியல்கள், அழைப்பிதழ்கள், பார்வையாளர் கருத்தேடுகள், செயற்குழுக் கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றை அடையாறு பகுதியில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்து மின்படிவமாக்கிப் பெற்றோம். படங்களின் தரம் மிகச் சிறப்பு. விவரக் குறிப்புகளை அமைத்த விதம் போதாது. இதே வேலையைச் செய்விக்க எண்ணும் பிற சங்கங்களுக்கு இம்மதிப்பீடு பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

சென்னையின் நவீன ஓவியத்தைப் பற்றிப் பேசுவோர் 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியையும், அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியையும், 1944இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய முற்போக்கு ஓவியர் சங்கத்தையும், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும் தவறாமல் குறிப்பிடுவார்கள். அந்த ஆண்டுகளில் சிறு கூடங்களில் நடந்த குழுக் காட்சிகளில் வேறு யார் யார் படம் வைத்தார்கள், எந்தத் தலைப்பில் வைத்தார்கள், என்ன விலை போட்டார்கள் என்பதற்கோ நான்கு பக்கத் துண்டுப் பட்டியல்களே பெரும்பாலும் சான்று. ஓர் ஓவியம் அசலா என்ற ஐயம் எழும்போதும், மறைந்த ஓவியர் ஒருவரின் படைப்புகளை அவர் குடும்பத்தார் தொகுக்க முற்படும்போதும் முதலில் தேடப்படுவது இத்தகைய தாள்தான். அதை இழந்துவிட்டால் அந்தக் காட்சி நடந்ததற்கே வேறு தடயம் இல்லாமல் போய்விடலாம்.

கடற்காற்றின் ஈரப்பதம் எங்கள் தாள்களில் நிறையச் சேதம் செய்திருந்தது. குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தன. பசைநாடா ஒட்டிய இடங்கள் பழுப்பேறியிருந்தன. சில ஏடுகளின் ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பணியாளர்கள் தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தில் எதையும் செலுத்தவில்லை. தைத்த ஏடுகளை முழுவதும் விரித்து அழுத்தாமல், சாய்வான தாங்கியில் வைத்து மேலிருந்து படம் எடுத்தார்கள். ஊசிகளை மெல்லிய தகட்டால் நெம்பி எடுத்து, பிரிந்த தாள்களை அதே வரிசையில் தனித்தனி உறைகளில் இட்டுத் திருப்பித் தந்தார்கள். அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற அளவில் சுருக்கப்படாத மூலக்கோப்பும், படிப்பதற்குச் சிறிய பிடிஎஃப் கோப்பும் கிடைத்தன. ஒவ்வொரு தொகுதியின் முதல் படத்திலும் வண்ண அளவு அட்டை இருந்ததால் அழைப்பிதழ்களில் அச்சான படங்களின் நிறத்தை நம்பிப் பார்க்க முடிகிறது. சைக்ளோஸ்டைல் முறையில் படியெடுத்து மங்கிப்போன சுற்றறிக்கைகள்கூடத் திரையில் தெளிவாகப் படிக்கக் கிடைப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

குறைகளுள் முதன்மையானது பின்பக்கங்களை விட்டது. வெற்றுப் பக்கம் என்று கருதி எடுக்காமல் விட்ட பல தாள்களின் பின்புறத்தில்தான் பென்சிலால் குறித்த விற்பனை விவரமும், படங்களைச் சுவரில் மாட்டிய வரிசையின் வரைபடமும் இருந்தன. நாங்கள் சுட்டிக்காட்டியதும் கூடுதல் கட்டணம் கேட்காமல் மீண்டும் எடுத்துத் தந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தது கோப்புப் பெயர்கள். வெறும் தொடரெண்ணாக இட்டிருந்ததால், ஒரு காட்சியின் அழைப்பிதழ் ஓரிடத்திலும் அதன் பட்டியல் வேறிடத்திலும் சிதறின. ஒரே உறையில் கிடந்த தாள்கள் ஒன்றையொன்று விளக்குபவை. அந்த உறவு அறுந்தால் தெளிவான படமும் பாதிப் பயன்தான் தரும்.

படத்திலுள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் தொடர்பாக அவர்கள் அளித்த உறுதிமொழியும் நிறைவேறவில்லை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை போன்றவை பழைய கூட்டு வடிவில் இருக்கும். மென்பொருள் அவற்றை இனங்காண முடியாமல் ஓவியர் பெயர்களைச் சிதைத்துவிட்டது. தேடல் வசதிக்காக இச்சேவையை நாடுவோர், பழைய தமிழ் அச்சுக்குக் கையால் தட்டச்சு செய்து சரிபார்க்கும் செலவைத் தனியே ஒதுக்குவது நல்லது.

கட்டணம் பக்கக் கணக்கில் வாங்கப்படுகிறது. பெரிய சுவரொட்டிகளுக்குத் தனி விலை. வேலைக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு உறைக்கும் சங்கமே ஒரு குறியீடு இட்டு, அந்தக் குறியீடும் காட்சியின் ஆண்டும் கோப்புப் பெயரில் வர வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தாளின் இருபுறமும் எடுக்கப்பட வேண்டும் என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். படம் எடுத்து முடிந்தது என்பதற்காக மூலத்தாள்களைக் கழித்துவிட வேண்டாம். அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில், தரையிலிருந்து உயர்த்திய அடுக்கில் அவற்றை வைத்திருங்கள். எங்கள் சங்கத்தின் புகைப்பட எதிர்மச் (நெகட்டிவ்) சுருள்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. இந்த நிபந்தனைகளை எழுதிக்கொண்டு அவற்றையும் இதே நிறுவனத்திடமே கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம்.