திரவ மாஸ்டர் மிக்ஸா, உலர்மணியா?

பிசிஆர் சோதனைக்கான (மரபணுத் துணுக்கைப் பலமடங்கு பெருக்கிக் கண்டறியும் சோதனை) வினைபொருள் இப்போது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டிய திரவ மாஸ்டர் மிக்ஸ், அதாவது முன்கூட்டியே கலந்த கலவை, ஒன்று. உறையவைத்து உலர்த்திய சின்ன வெள்ளை மணி இன்னொன்று. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: மரபணுவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதி, அதற்கான கட்டுமானத் துண்டுகளான நியூக்ளியோடைடுகள், மெக்னீசியம் உப்பு, எந்தப் பகுதியைப் பெருக்குவது என்று காட்டும் பிரைமர், பெருகியதைக் காட்டிக்கொடுக்கும் புரோப். தயாரிக்கும் விதமும் அனுப்பும் விதமும்தான் முற்றிலும் வேறு.

திரவத்தைத் தயாரிப்பது சுலபம். கலந்து, நிரப்பி, தரம் பார்த்து அனுப்பிவிடலாம். பிரைமரை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த தொகுதியிலேயே மாற்றலாம். 2020-ல் கொரோனா கிட்டுகள் வேகமாகச் சந்தைக்கு வந்ததில் இந்த வசதிக்கும் பங்கு உண்டு. ஆனால் தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த பணம் வழியில் கரைந்துவிடுகிறது. உறைகுளிரில் அனுப்ப உலர்பனிக்கட்டி (திட கார்பன் டை ஆக்சைடு) போட வேண்டும்; அதன் எடைக்கும் சேர்த்துத்தான் சரக்குக் கட்டணம். பெட்டி எங்கேயாவது இரண்டு நாள் தேங்கினால் பனி தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் நொதியின் கதி கேள்விக்குறி.

உலர்மணியில் அந்தச் செலவு தொழிற்சாலைக்குள்ளேயே வந்துவிடுகிறது. முதல் தடை கிளிசரால். நொதி மைனஸ் 20-லும் உறையாமல் இருக்க, வழக்கமாக 50 சதவீத கிளிசராலில்தான் வைப்பார்கள். அதே கிளிசரால் உலர்த்தியில் போகவே போகாது. மணிக்குப் பதிலாகப் பிசுபிசுப்பான பாகுதான் மிஞ்சும். அதனால் கிளிசரால் இல்லாத நொதியைத் தனியாகத் தயாரித்தாக வேண்டும். அப்புறம், நீர் போனபின் புரதம் குலையாமலிருக்க ட்ரெஹலோஸ் போன்ற சர்க்கரை சேர்க்க வேண்டும். கலவையைச் சொட்டுச் சொட்டாக மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் விட்டால் மணியாக உறையும். பிறகு வெற்றிடத்தில் பனி நேராக ஆவியாக வேண்டும். இதற்குப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். அடைப்பதும் ஈரப்பதம் குறைந்த அறையில்தான். ஈரக்காற்றில் பையைத் திறந்து வைத்தால் மணி சுருங்கிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குக் காசநோய்க்கான எக்ஸ்பர்ட் எம்டிபி/ரிஃப் நல்ல சான்று. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த சோதனை அது. வினைபொருள்கள் உலர்மணிகளாகக் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே (மாதிரியை ஊற்றிக் கருவியில் வைக்கும் சிறு பிளாஸ்டிக் கூடு) இருப்பதால் 2 முதல் 28 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். உறைபெட்டி இல்லாத இடத்துக்கும் மூலக்கூறு சோதனை போய்ச் சேர்ந்தது. எனக்கு இதைவிடப் பெரிய வாதம் தேவைப்படவில்லை.

கொரோனா அலை ஓய்ந்தபின் சாதாரண திரவ மிக்ஸில் விலைப்போட்டிதான் மிஞ்சியது. தயாரிப்பாளர்கள் உலர் வடிவத்தின் பக்கம் திரும்ப அதுவும் ஒரு காரணம். உறையவைக்காமல் சூட்டில் காற்றால் உலர்த்தும் கலவைகளும் வந்துவிட்டன. உலர்த்தி இயந்திரம் வாங்க முடியாத சிறு நிறுவனங்களுக்கு அது வசதி.

தினமும் நூற்றுக்கணக்கில் மாதிரி பார்க்கும் பெரிய ஆய்வகத்துக்கு, சோதனைகளை அடிக்கடி மாற்றுவதாக இருந்தால், திரவமே போதும். தூரத்துச் சிறு மையங்களுக்குக் கிட் அனுப்புபவர் உலர்மணிக்கே போகலாம். ஒன்று மட்டும்: விலைப்பட்டியலில் உள்ள ஒரு சோதனை விலையோடு சரக்குக் கட்டணத்தையும், கெட்டுப்போய் வீசும் சரக்கையும் கூட்டிப் பாருங்கள். பை திறந்தபின் மணி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.