எம்எக்ஸ்-5 1.6-இல் 1.8-இன் பிரேக்: சில வருட அனுபவம்

என்னுடைய முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட, இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். அதிலிருந்த பிரேக்கை எடுத்துவிட்டு, அதே காரின் 1.8 லிட்டர் மாடலில் வரும் பிரேக்கைப் போட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இங்கிலாந்தின் மழை, குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலை, வருடா வருடம் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனை, நடுநடுவே ரேஸ் டிராக்கில் ஓட்டும் நாட்கள் என்று எல்லாவற்றையும் இந்த பிரேக் பார்த்துவிட்டது. மாட்டிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் வெறும் உற்சாகம்தான் இருந்திருக்கும். இப்போது எது பலன், எது பராமரிப்பு வேலை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டிஸ்க் (வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு) போட்டதால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. பழைய பிரேக்கே வீலைச் சுற்றவிடாமல் லாக் செய்யும் அளவுக்கு வலுவானதுதான். அதற்கு மேல் காரை நிறுத்துவது டயரின் பிடிப்பு. பெரிய டிஸ்க் தருவது வேறு: பத்தாவது முறை மிதிக்கும்போதும் முதல் முறை மாதிரியே பிரேக் பிடிக்கும். இந்த மாற்றத்தின் மொத்தப் பயனும் அதுதான், எனக்கு அது போதும்.

1989-இல் அறிமுகமான இந்தக் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1.6 மாடலில் முன்னால் 235 மி.மீ., பின்னால் 231 மி.மீ. டிஸ்க். வேலைக்குப் போய் வர, வார இறுதியில் கிராமத்துச் சாலைகளில் சுற்ற இது தாராளம். சாலையில் மட்டும் ஓட்டுபவர் யாராவது இந்த மாற்றம் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன்.

டிராக் வேறு கதை. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் ரேஸ் டிராக்கின் இண்டி சுற்று முழுதாக இரண்டு கிலோமீட்டர்கூட வராது. பேடாக் ஹில் வளைவுக்கு ஒரு மிதி, உடனே மேடேறி ட்ரூயிட்ஸ் கொண்டை ஊசி வளைவுக்கு இன்னொரு மிதி, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பேடாக் ஹில். டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. ஸ்னெட்டர்டன் டிராக்கில் சிக்கல் வேறு மாதிரி. பென்ட்லி ஸ்ட்ரெயிட் என்ற நேர்ப்பாதை முழுவதும் ஆக்சிலரேட்டரை அழுத்தியே வந்து, பிரண்டில் வளைவுக்கு முன் மணிக்கு 160 கி.மீ.-ஐ ஒட்டிய வேகத்திலிருந்து ஒரேயடியாகக் குறைக்க வேண்டும்.

அந்த வேகம் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்திலிருந்து காரை நிறுத்த, பிரேக் சுமார் 400 கிலோஜூல் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். 160 கி.மீ. என்றால் அது ஆயிரத்தைத் தாண்டிவிடும். வேகம் 1.6 மடங்கு, வெப்பம் இரண்டரை மடங்கு. அதில் பெரும் பங்கு முன்பக்க டிஸ்க் இரண்டிலும்தான் இறங்குகிறது.

சூட்டில் பிரேக் விடுவது இரண்டு விதம். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) அதிகமாகச் சூடானால் பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் மட்டும் குறையாது. பிரேக் ஆயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். இரண்டாவது மிகவும் ஆபத்தானது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் பழசாக ஆக அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். டாட் 4 தரத்தில் புது ஆயிலுக்குக் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி. டாட் 5.1-க்கு 260-உம் 180-உம்.

அதனால் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் நான் செய்தது புது பிரேக் ஆயிலும் சூடு தாங்கும் பேடும் போட்டதுதான். உண்மையைச் சொன்னால் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது. வருடத்தில் ஓரிரு முறை மட்டும் டிராக்குக்குப் போகிறவர் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நான் அதைவிட அதிகமாகப் போகிறேன். நல்ல பேட் அதே சின்ன டிஸ்க்கிலிருந்து இன்னும் கடுமையாக வேலை வாங்கியதால் டிஸ்க்கின் முகத்தில் மயிரிழை வெடிப்புகள் வரத் தொடங்கின, பேடும் சீக்கிரம் தேய்ந்தது. வெப்பத்தை வாங்கிக்கொள்ள இரும்பு போதவில்லை.

இங்கேதான் 1.8-இன் பாகங்கள் வருகின்றன. அந்த மாடலில் முன் டிஸ்க் 255 மி.மீ., பின் டிஸ்க் 251 மி.மீ. முன் டிஸ்க்கின் தடிமனும் 18-இலிருந்து 20 மி.மீ. ஆகிறது. வீலை மாட்டும் ஹப் ஒன்றுதான், நான்கு போல்ட் அமைப்பும் ஒன்றுதான். பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர்கூட அதேதான். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் மட்டும் மாறுகிறது, அது காலிப்பரைக் கொஞ்சம் வெளியே தள்ளி உட்கார வைக்கிறது. ஆக வாங்க வேண்டியது நான்கு பிராக்கெட், நான்கு டிஸ்க், அதற்கேற்ற பேட். 1.8 மாடலும் 14 அங்குல வீலில் வந்ததால் என் பழைய வீலே உரசாமல் உட்கார்ந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முன்னாலும் பின்னாலும் டிஸ்க்கின் விட்டம் சரியாக 20 மி.மீ. கூடுகிறது என்பது. அதாவது பேட் அழுத்தும் இடம் மையத்திலிருந்து இரண்டு பக்கமும் 10 மி.மீ. வெளியே போகிறது. அதே பெடல் அழுத்தத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுதல் பிடிப்பு, நான்கு வீலிலும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் பங்கிடப்படும் விகிதம் மாஸ்டா வடிவமைத்தபடியே இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், முன்பக்கத்துக்கு மட்டும் பெரிய நான்கு பிஸ்டன் காலிப்பர் கிட் வாங்கி மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முன்பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் முன் வீல் முந்திக்கொண்டு லாக் ஆகும், பின் வீல் தன் வேலையை முழுதாகச் செய்யாமலே இருக்கும். என் கார் மாதிரி ஏபிஎஸ் இல்லாத காரில் லாக் ஆன முன் வீல் திரும்பவும் மாட்டாது. காசு செலவழித்து நிறுத்தும் தூரத்தைக் கூட்டிக்கொண்டதாகிவிடும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் பின்பக்கத்தையும், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இரண்டாம் தலைமுறையின் 1.8 ஸ்போர்ட் மாடலில் இன்னும் பெரிய பிரேக் உண்டு. முன்னால் 270, பின்னால் 276 மி.மீ. அதற்கு 15 அங்குல வீல் வேண்டும். பின்பக்கம் அதிகமாகக் கூடுவதால் விகிதமும் நகர்கிறது. டர்போ போட்டவர்களுக்கு அது சரியான தேர்வு. என் காரில் இருப்பது சாதாரண 1.6 இன்ஜின், சின்ன வீலின் லேசான உணர்வை இழக்க மனம் வரவில்லை.

மற்ற கார்களிலும் இந்த வழக்கம் உண்டு. நிசான் எஸ்13 காருக்கு, அதே நிசானின் இசட்32 300இசட்எக்ஸ் காரின் நான்கு பிஸ்டன் காலிப்பர் போடுகிறார்கள். அங்கே நான்கு போல்ட் ஹப்பில் ஐந்து போல்ட் டிஸ்க்கை எப்படி உட்கார வைப்பது, மாஸ்டர் சிலிண்டர் போதுமா என்ற கேள்விகள் வரும். டொயோட்டா ஜிடி86-க்கு சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ-இன் பிரெம்போ பிரேக்கைப் போடுகிறவர்கள், 2005-க்குப் பிந்தைய எஸ்டிஐ-இன் போல்ட் வட்டம் (வீல் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மி.மீ., தங்கள் காருடையது 100 மி.மீ. என்பதால் டிஸ்க்கை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கிறது. இவற்றோடு ஒப்பிட்டால் எம்எக்ஸ்-5 காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டில் பிராக்கெட் கிடைக்கும். நான்கையும் ஒரே காரிலிருந்து எடுங்கள். விற்பவர் சொல்வதை நம்பாமல் டேப் வைத்து டிஸ்க்கை அளந்து பாருங்கள். 1.6 இன்ஜினோடு வந்த இரண்டாம் தலைமுறைக் காரும் உண்டு, புதிய தலைமுறை என்பதால் மட்டும் பெரிய டிஸ்க் இருந்துவிடாது. டிஸ்க்கும் பேடும் புதிதாகவே வாங்குங்கள். பிராக்கெட்டில், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் என்ற தண்டு போகும் துளைக்குள் துரு குழி விழுந்திருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

மாட்டுவது ஒரு வார இறுதி வேலை. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தூசித் தகடு 1.6-இன் சின்ன டிஸ்க்குக்கு ஏற்றது, அதன் விளிம்பைக் கொஞ்சம் பின்னால் வளைக்கவோ வெட்டவோ வேண்டும். இல்லாவிட்டால் கீச்சென்று உரசிக்கொண்டே வரும். ரப்பர் ஹோஸ் பழசாக இருந்ததால் அதையும் அப்போதே மாற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலில் தொடங்கி, பிரேக் குழாய்க்குள் சிக்கிய ஏரை எடுத்தேன். பிரேக் வேலை பழக்கமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, காலியான சாலையில் முழுதாக நிற்காமல் வேகத்தை இறக்கி ஏற்றி, நடுவில் ஆறவிட்டு ஓட்ட வேண்டும். இதை அவசரப்படுத்தினால் பிறகு பெடலில் அதிர்வு வரும்.

பின் காலிப்பர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தக் காரில் அதுதான் ஓயாமல் கவனம் கேட்கும் இடம். ஹேண்ட்பிரேக் அதே காலிப்பர் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் பின் பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே தள்ள முடியாது. காலிப்பரின் பின்புறம் 14 மி.மீ. ஸ்பேனர் போடும் ஒரு போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ போகும் அட்ஜஸ்டர். அதைச் சுற்றித்தான் பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும். புதுப் பேட் வைத்தபின், டிஸ்க் இறுகும்வரை சுற்றி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்தினால் ஹேண்ட்பிரேக் மேலேயே பிடிக்கும். ஹேண்ட்பிரேக் தொய்ந்துவிட்டது என்று கேபிளை மட்டும் இழுத்து இறுக்குபவர்கள் பலர். சரி செய்ய வேண்டிய இடம் இந்த அட்ஜஸ்டர்தான்.

இனி நாள்பட்ட விஷயம். சாலையில் தெரியும் மாற்றம் மிகச் சின்னது: கொஞ்சம் லேசாக மிதித்தாலே போதும். டிராக்கில் தெரிவது பெரிது. இருபது நிமிட ஓட்டத்தின் கடைசிச் சுற்றிலும் ட்ரூயிட்ஸுக்கு முன் அதே இடத்தில் மிதிக்க முடிகிறது. ஸ்னெட்டர்டனில் பிரண்டிலுக்கு வரும்போது பெடலை முன்கூட்டியே தொட்டுப் பார்க்கும் பழக்கம் போயே போய்விட்டது. பேட் முன்பைவிட அதிக நாள் உழைக்கிறது. டிஸ்க்கின் முகத்தில் அந்த மயிரிழை வெடிப்புகளும் திரும்ப வரவில்லை.

உப்புதான் எதிரி. குளிர்காலம் முடிந்ததும் நான்கு பக்கமும் ஸ்லைடு பின்னை உருவி, துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் பூசுகிறேன். இதைத் தள்ளிப்போட்டால் பின் காலிப்பர் ஒரு பக்கம் இறுகிக்கொண்டு, உள்பக்கப் பேட் ஒன்று மட்டும் கரைந்துபோகும். எம்ஓடி சோதனையில் ரோலர் மேல் ஏற்றும்போது ஒரே அச்சின் இரு வீலின் பிரேக் விசைக்கும் இடையே வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டினால் தோல்வி என்பதால், சோதனைக்கு முன் இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. பிரேக் ஆயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டிராக் பக்கம் போகிற யாரும் இதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

குறை என்று சொன்னால், வீலோடு சுற்றும் எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. பழைய டிஸ்க்கையும் புதியதையும் இரண்டு கையில் பிடித்தால் தெரியும், ஓட்டும்போது எனக்குத் தெரியவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் இந்த மாற்றத்தைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், அதே தயாரிப்பாளரின் பாகம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பழைய பிராக்கெட் நான்கையும் எண்ணெய் தடவிச் சுற்றி வைத்திருக்கிறேன், நாளைக்கு யாராவது காரை அசல் நிலையில் கேட்டால் உதவும்.

முன் டிஸ்க் இரண்டும் இப்போது அவற்றிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. அடுத்த டிராக் சீசனுக்கு முன் மாற்றிவிடுவேன், அதே 255 மி.மீ. அளவிலேயே.