வெள்ளைப் பணியாரம் கற்றுக்கொள்ள யூடியூப்: ஓர் ஆண்டு அனுபவம்

எங்கள் அப்பத்தா கையெழுத்தில் ஒரு பழைய டைரி இருக்கிறது. அதில் வெள்ளைப் பணியாரத்துக்கு ஒதுக்கியது ஒரே வரி: ஒரு ஆழாக்குப் பச்சரிசி, உளுந்து கோபுரம், நைசாக ஆட்டி உடனே சுடவும். போன ஆடியில் அதை நம்பிச் சுட்டேன். பணியாரம் எண்ணெயைக் குடித்துத் தொளதொளவென்று கிடந்தது. அடுத்த முறை உளுந்தைக் குறைத்தேன். கல் மாதிரி விறைத்துவிட்டது.

கோபுரம் என்றால் எவ்வளவு உயரம்? அதைக் கேட்க அப்பத்தா இல்லை. அப்போதுதான் போனில் மைக்கைத் தொட்டு "செட்டிநாடு வெள்ளைப் பணியாரம்" என்று சொன்னேன். வரிசையாக வந்து விழுந்தன. யூடியூப் 2005இல் வந்தது. எனக்கு அதுவரை பாட்டுக் கேட்கத்தான் பயன்பட்டது. இந்த ஒரு வருடமாக அது எனக்குப் பள்ளிக்கூடம்.

நான்காவதாகப் பார்த்த வீடியோவில் விடை கிடைத்தது. ஒரு அம்மா ஆழாக்கில் அரிசியை அள்ளி, உள்ளங்கையால் தலை தட்டினார். பிறகு அந்த அரிசிக்கு மேலேயே உளுந்தைக் கொட்டினார். ஓரத்தில் வழியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். நடுவில் கூம்பாக நின்றது. அதுதான் கோபுரம்! தனியாக ஒரு கரண்டி அளவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அரிசிக்கு மேலே குவிகிற குவியல். என் ஆழாக்கில் அளந்து பார்த்தேன்: இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூட. எழுத்தில் சொன்னால் நாலு பத்தி வேண்டும். கை செய்வதைப் பார்த்தால் நாலு நொடி.

சுடுவதும் அப்படித்தான். மாவை எண்ணெய்க்கு மிக அருகில் கரண்டியைக் கொண்டுபோய் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். தோசைக்குப் போலத் தேய்க்கக் கூடாது. ஊற்றியதும் அடியில் போகும், பிறகு தானாக எழும்பும், அந்த நேரத்தில் சூடான எண்ணெயை மேலே அள்ளி விட்டால் நடு உப்பிக்கொள்ளும். ஓரம் மட்டும் பூப்போல முறுகும், நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இந்த "எழும்பும்" என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. திரையின் இடது பக்கம் இரண்டு முறை தட்டினால் பத்து நொடி பின்னால் போகிறது. தட்டினேன், தட்டினேன், பன்னிரண்டு முறையாவது இருக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இதே கேள்வியை மூன்றாவது முறை கேட்க எனக்குக் கூச்சம். அவர் கோபிக்க மாட்டார், ஆனால் நமக்கே நாக்கு எழாது. வீடியோவிடம் கேட்பதற்குக் கூச்சம் கிடையாது. ஜனங்கள் இதைத் தேடி வருவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

என் மகனும் அதையே சொல்கிறான். பத்தாம் வகுப்பு, முக்கோணவியல் கணக்கு. வகுப்பில் இரண்டாம் முறை கை தூக்க வெட்கப்படுகிறவன், அரசு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான். இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகள் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களைப் பார்க்கிறாள்.

எங்கள் வீடு காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு. சுவர் கனம். முகப்பில் சிக்னல் நன்றாக வரும், வளவில், அதாவது உள்முற்றத்தில், பாதி வரும், அடுப்படிக்கு வந்தால் போய்விடும். அதனால் வேண்டிய வீடியோவை முகப்பில் உட்கார்ந்தே இறக்கி வைத்துக்கொள்கிறேன். இந்த வசதி இல்லாவிட்டால் கையில் மாவோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லா வீடியோவும் நல்ல வீடியோ இல்லை. ஒரு சேனலில் பின்னணி இசையை அவ்வளவு சத்தமாகப் போட்டிருந்தார்கள், எண்ணெய்ச் சத்தமே கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். எண்ணெய் காய்ந்த பக்குவத்தைக் காதுதான் சொல்லும். இன்னொன்றில் மாவு ஊற்றுவதைக் காட்டி, அடுத்த நொடியே தட்டில் அடுக்கிய பணியாரத்தைக் காட்டினார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு வேண்டியதே அந்த நடுப்பகுதி. நறுக்காமல், ஒரே கேமராவில், கையையும் வாணலியையும் மட்டும் காட்டும் வீடியோவைத் தேடுங்கள். பார்த்தவர்கள் கீழே எழுதும் கருத்துகளையும் படியுங்கள். "மாவு புளித்தால் எண்ணெய் குடிக்கும்" என்று எனக்குச் சொன்னது அங்கே எழுதியிருந்த ஒருவர்தான்.

சரி, மதிப்பெண்? ஐந்துக்கு நான்கு. அந்த ஒன்றை ஏன் குறைத்தேன் என்றால், போன மாதம் ஆச்சிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன், வரமிளகாய்ச் சட்னியோடு. ஒன்றைப் பிய்த்து உள்ளே பார்த்தார். "நல்லா வந்திருக்குத்தா. ஆனா மாவுல இன்னும் ஒரு கை தண்ணி விட்டிருக்கலாம்" என்றார். அந்த வீடியோவை நூறு முறை பார்த்தாலும் அது என் மாவைப் பார்த்திருக்காது.

அடுத்தது கந்தரப்பம் என்கிற இனிப்புப் பலகாரம். மூன்று வீடியோ இறக்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஊறப்போடுகிறேன், அடுப்படிக்கே வந்து மாவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆச்சியிடமும் சொல்லிவிட்டேன்.